பி50 புரதம்: பாதி விலைக்கு வாங்கலாமா?

கேள்வி: நிலவேம்புச் சாறு, அழற்சி மரபணுக்களை முடுக்கிவிடும் என்.எஃப்.கப்பா-பி-யைத் தடுக்கிறதா என்று ஜெல் ஷிஃப்ட் முறையில் (புரதம் டி.என்.ஏ-வோடு ஒட்டினால் ஜெல்லில் தனிப் பட்டையாகத் தெரியும்) பார்க்கப் போகிறேன். அதன் ஒரு பகுதியான மனித பி50 புரதம் வேண்டும். மதுரை டீலர் ஒருவர், "தூய்மை 95 சதவீதம், பாதி விலை" என்கிறார். இன்னொருவர், ஈ.கோலை பாக்டீரியாவில் செய்தது உதவாது, பூச்சி செல்லில் செய்ததுதான் வேண்டும் என்று இரண்டு மடங்கு கேட்கிறார். மார்ச் 31-க்குள் பணத்தைச் செலவழித்தாக வேண்டும். எதை வாங்குவது? – ஆய்வு மாணவி, காரைக்குடி

பதில்: இருவர் சொல்வதையும் அப்படியே நம்ப வேண்டாம். ஈ.கோலையில் செய்த பி50 உங்களுக்குத் தாராளமாகப் போதும். 1995-இல் பி50 டி.என்.ஏ-வைக் கவ்வியிருக்கும் வடிவத்தைப் படிகமாக்கிப் பார்த்தவர்கள் பயன்படுத்தியதும் ஈ.கோலை புரதம்தான். பூச்சி செல்லுக்கு இரட்டிப்பு விலை தர வேண்டியதில்லை.

ஆனால் பாதி விலைச் சரக்கில் வேறு வில்லங்கம் உண்டு. தூய்மையைக் கணக்கிடும் ஜெல்லில் ஓட்டுவதற்கு முன் புரதத்தை எஸ்.டி.எஸ் என்ற சோப்பு போன்ற பொருள் சேர்த்துச் சூடாக்கி, அதன் வடிவத்தைத் தரும் மடிப்பையெல்லாம் குலைத்துவிடுவார்கள். அதில் ஒரே பட்டை தெரிந்தால் கலப்படம் குறைவு, அவ்வளவுதான். செட்டிநாட்டு வீட்டுச் சாவி துருவே இல்லாமல் பளபளக்கலாம். பல் வளைந்திருந்தால் கதவு திறக்காது. ஆகவே டீலரிடம் கேட்க வேண்டியது ஒன்றே: "இந்த லாட் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) டி.என்.ஏ-வோடு ஒட்டுகிறது என்று சோதித்த படம் இருக்கிறதா?" "கம்பெனியில் கேட்டுச் சொல்கிறேன்" என்று இழுத்தால் விட்டுவிடுங்கள்.

சோதிக்காத புரதம் எதற்குமே ஆகாது என்று சொல்லவில்லை. ஆன்டிபாடியை வைத்துப் புரதத்தை அடையாளம் காணும் வெஸ்டர்ன் பிளாட்டில், உங்கள் ஆன்டிபாடி சரியான பட்டையைத்தான் பிடிக்கிறதா என்று பார்க்க அது போதும். அங்கே எப்படியும் மடிப்பைக் குலைத்துத்தானே ஓட்டுகிறோம். ஆன்டிபாடி சோதனைக்கென்றே விற்கும் புரதங்கள் உண்டு, விலையும் குறைவு. பக்கத்து லேபில் யாராவது "நாங்கள் வாங்கினோம், நன்றாக வேலை செய்தது" என்றால், வெஸ்டர்னிலா ஜெல் ஷிஃப்டிலா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெஸ்டர்னில் என்றால் அந்தச் சான்று உங்களுக்குப் பயன்படாது.

அடுத்தது பயணம். காரைக்குடிக்கு நேரே விமானச் சேவை கிடையாது. பார்சல் மதுரையிலோ திருச்சியிலோ இறங்கி, பங்குனி வெயிலில் ரோட்டு வழியே வர வேண்டும். கம்பெனி ட்ரை ஐஸில் அனுப்பியதை டீலர் தன் கடை ஃப்ரிட்ஜில் வைத்திருந்து, இரண்டு ஜெல் பேக்கோடு தெர்மோகோல் பெட்டியில் கொடுத்தனுப்புவது சர்வசாதாரணம். பெட்டியை டீலரின் ஆள் எதிரிலேயே திறங்கள். ட்ரை ஐஸில் வர வேண்டியது ட்ரை ஐஸ் மிச்சமில்லாமல் வந்திருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். குப்பியில் உள்ள லாட் எண்ணும் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். வேறு லாட்டின் தாளை நகலெடுத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அப்புறம், சில மைக்ரோலிட்டர்தான் இருக்கும், மூடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம். திறக்கும் முன் சென்ட்ரிஃப்யூஜில் ஒரு சுற்று விடுங்கள். ஒரு முறைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். உருக்கி உருக்கி உறைய வைத்தால் புரதம் கெட்டுப்போகும்.

மூன்று கொட்டேஷனில் குறைந்த விலைக்காரருக்கே ஆர்டர் என்பது நாற்காலி வாங்கச் சரி. புரதத்துக்கும் அதையே வைத்து, பணத்தையும் ஆண்டுக் கடைசியில் கொடுத்து, மார்ச்சுக்குள் முடி என்றால் மாணவர்கள் என்னதான் செய்வார்கள்? உங்கள் கையில் இருப்பது இன்டென்ட் (கொள்முதல் கோரிக்கை) வாசகம் மட்டுமே. "மனித பி50, 20 மைக்ரோகிராம்" என்று மொட்டையாக எழுதினால் குப்பைதான் வரும். "டி.என்.ஏ இணைப்புத் திறன் லாட் வாரியாகச் சோதிக்கப்பட்டது, ட்ரை ஐஸில் ஒப்படைப்பு" என்று சேர்த்து எழுதுங்கள். சோதிக்காத சரக்கு விலைப் போட்டிக்கு வரும் முன்பே கழிந்துவிடும்.

கடைசியாக, சாறு. நிலவேம்பின் கசப்புப் பொருளான ஆண்ட்ரோகிராஃபோலைடு, பி50-இன் 62-ஆவது இடத்தில் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தில் ஒட்டிக்கொண்டு தடுப்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம். ஆனால் முழுச் சாற்றில் உள்ள பாலிஃபீனால்கள் கண்ட புரதத்தையும் திரளச் செய்யும். பட்டை மறைந்ததும் தடுப்பு என்று எழுதிவிடக் கூடாது. அதே சாற்றை, டி.என்.ஏ-வோடு ஒட்டும், பி50-க்குச் சம்பந்தமில்லாத வேறொரு புரதத்தோடும் ஓட்டுங்கள். அங்கேயும் பட்டை மறைந்தால், முழுச் சாற்றை விட்டுவிட்டுச் சுத்தமான ஆண்ட்ரோகிராஃபோலைடை வைத்துச் செய்யுங்கள்.