பழைய ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்பில் சேஸி ஏன் உள்ளிருந்து துருப்பிடிக்கிறது? மேலே பெயிண்ட் அடித்தால் போதாதா?

சேஸி என்பது வண்டியின் முதுகெலும்பு. நீளவாக்கில் இரண்டு இரும்புச் சட்டங்கள், நடுவே குறுக்குச் சட்டங்கள். எஞ்சின், கியர்பாக்ஸ், முன் சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துத் தரும் பெட்டி எல்லாமே அதில்தான் நிற்கின்றன. பல வண்டிகளில் இந்தச் சட்டம் உள்ளே வெற்றுக்கூடு.

தனுஷ்கோடி மணலிலோ ஏர்வாடிக் கரையிலோ ஓடிய வண்டியில் உப்பு மணல் அந்தக் கூட்டுக்குள் புகுந்து, தண்ணீர் வடியும் ஓட்டைகளை அடைத்துக்கொள்ளும். சமையலறையில் உப்பு ஜாடி மழையே இல்லாமல் கசியுமே, அதேதான் இங்கேயும்: காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுக்கும், கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் இருப்பதால் அதற்குக் கீழேயே ஈரம் பிடிக்கும், அந்த உப்புத் தண்ணீர் இரும்பை வேகமாக அரிக்கும். ராமநாதபுரம் கரையில் கோடையிலும் இதிலிருந்து தப்ப முடியாது.

அதனால் பழைய வண்டியைப் புதுப்பிக்கும்போது பெரிய டயர், வின்ச் (சிக்கிய வண்டியை வடம் சுற்றி இழுக்கும் கருவி) எல்லாம் அப்புறம். முதலில் சுத்தியலால் தட்டிப் பாருங்கள், முக்கியமாக கமான் பட்டை (சக்கர அச்சைத் தாங்கும் வில் பட்டை) மாட்டும் இடங்களில். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்த இடம் மந்தமாகக் கேட்கும். அரித்ததை வெட்டி எடுத்து நல்ல தகடு வைத்து வெல்டிங் செய்து, தண்ணீர் வடியும் ஓட்டைகளின் அடைப்பை எடுத்து, நல்ல தண்ணீரில் உள்ளே கழுவி, நன்றாகக் காயவிட்டு, மெழுகு ஸ்பிரே அடிக்க வேண்டும்.

அடியில் கெட்டியாக தார் பூசினால் துரு நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். துருவின் மேலேயே பூசினால் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாமல் அரிப்பு தொடரும்.