திங்கக்கிழமைன்னா மட்டும் எரிஞ்சு விழறேன், ஏன்?

கேள்வி: வாரம் பூரா காலைல 6 மணிக்கு எழுந்துக்கறேன். சனி ஞாயிறு ராத்திரி 2 மணி வரைக்கும் போன், அப்புறம் 11 மணி வரைக்கும் நல்லா தூங்கிடறேன், ஆக பாக்கி தூக்கமெல்லாம் தீர்ந்துடுதுதானே? ஆனா திங்கக்கிழமை டூத்பேஸ்ட் மூடி தொறந்து கெடந்தாகூட கத்தறேன், கொஞ்ச நேரத்துல அழுகை வேற வருது. வீட்ல தொட்டாச்சிணுங்கின்னே பேர் வெச்சுட்டாங்க.
- பேர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: பொருத்தமாத்தான் வெச்சிருக்காங்க போங்க! உயிருக்குள்ளயே ஒரு கடிகாரம் ஓடுதுன்னு மொதல்ல துப்பு கெடச்சதே அந்தச் செடிலதான். 1729ல பிரான்ஸ்ல தெ மெரான்னு ஒருத்தர் அத இருட்டுல வெச்சு பாத்தார், வெயிலே படலனாலும் பகல்ல இலை விரியுது, ராத்திரி மூடிக்குது.

நமக்கு அந்தக் கடிகாரம் மூளைல, கண் நரம்பு ரெண்டும் குறுக்க போற எடத்துக்கு நேர் மேல இருக்கு, சுமார் 20,000 நரம்பு செல், அவ்ளோதான். ராத்திரி வந்தாச்சுன்னு உடம்புக்கு சொல்ற மெலடோனின் ஹார்மோன் எப்போ சுரக்கணும், காலைல நம்மள உசுப்பற கார்டிசால் ஹார்மோன் எப்போ ஏறணும், உடம்பு சூடு எப்போ எறங்கணும்னு எல்லாத்துக்கும் அதுதான் நேரம் சொல்லுது. முக்கால்வாசி பேருக்கு அது 24 மணி நேரத்த விட கொஞ்சம் மெதுவா ஓடும், தினமும் காலை வெளிச்சம் கண்ல பட்டுதான் சரி பண்ணிக்கும். நீங்க சனி ஞாயிறு அந்த வெளிச்சத்தயும் விட்டுட்டு, நடுராத்திரி போன் வெளிச்சத்த வேற காட்டறீங்க, அது இன்னும் பின்னாடி தள்ளிப் போயிடுது. அப்புறம் ஞாயித்துக்கிழமை 10 மணிக்கு படுத்தா மட்டும் எங்க தூக்கம் வரும்? புரண்டு புரண்டு படுத்து, திங்க காலைல அலாரம் அடிக்கறப்போ உடம்பப் பொறுத்தவரைக்கும் இன்னும் ராத்திரி முடியல. சோஷியல் ஜெட்லாக்னு இதுக்கு பேர், தூர தேசத்துக்கு பறந்தா நேரம் மாறி தூக்கம் குழம்புமே, அந்த ஜெட்லாக் பிளைட் ஏறாமலே வர்றது.

இதுல கோவம் எங்க வருதுன்னா, கனவு வர்ற தூக்கம் பெரும்பாலும் விடியற பக்கம்தான் இருக்கும், நம்ம உணர்ச்சிகள ஆற வெக்கறதுல அதுக்கு பெரிய பங்கு இருக்கு, அலாரம் வெட்டறது சரியா அதத்தான். தூக்கம் கொறஞ்சா மூளைல பயம், கோவத்த கெளப்பற அமிக்டலா சும்மாவே துள்ளும், அத அடக்கற முன்மூளையோட பிடி தளரும். பாவம், டூத்பேஸ்ட் மூடி என்ன பண்ணும்!

அதனால லீவு நாள்லயும் 7 மணிக்கு மேல படுக்கைல கெடக்காதீங்க. தூக்கம் பத்தலன்னா மதியம் ஒரு 20 நிமிஷம் கண்ண மூடுங்க. எழுந்த உடனே வெளில போய் நில்லுங்க, ஜன்னல் ஓரம் போதாது, வெளிச்சத்த லக்ஸ்னு அளப்பாங்க, வீட்டு லைட் சில நூறு லக்ஸ்தான், மேகமா இருந்தாகூட வெளில ஆயிரக்கணக்குல இருக்கும். சாயங்கால காபி? அதுல தூக்கத்த வெரட்டற கஃபீன்ல பாதி சுமார் 5 மணி நேரம் கழிச்சும் உடம்புலயே சுத்திட்டு இருக்கும், உங்க இஷ்டம்.

ஒண்ணு மட்டும், திங்கக்கிழமைன்னு இல்லாம தெனமும் இந்த அழுகை வந்து, ரெண்டு வாரம் தாண்டியும் எதுலயும் பிடிப்பே இல்லன்னா அலாரத்த மாத்திட்டு உக்காந்திருக்காதீங்க, டாக்டர பாருங்க.