பாய்லருக்கு எந்த அளவுக் குழாய்?

கேள்வி: புதிதாகக் கட்டிவரும் எங்கள் மாடி வீட்டில் 24 கிலோவாட் பாய்லர் ஒன்றைப் பொருத்தவிருக்கிறோம். அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்கும், குளியலறை, சமையலறைக்கு வேண்டிய வெந்நீருக்கும் அந்த ஒரே பாய்லர்தான். தனியாகச் சேமிப்புத் தொட்டி கிடையாது. எல்லா இடத்திலும் 28 மி.மீ. செம்புக் குழாய் போட்டுவிட்டால் பின்னால் தொல்லை இராது என்கிறார் ஒரு பிளம்பர். எல்லாவற்றுக்கும் 22 மி.மீ. போதும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவருமே வீடு முழுவதற்கும் ஒரே அளவைச் சொல்கிறார்கள், குறை அங்கேதான் இருக்கிறது. ரேடியேட்டருக்குப் போகும் குழாயில் ஒரே நீர் சுற்றிச் சுற்றி வருகிறது. குளியலறைக்குப் போகும் குழாயில் வரும் நீரோ திரும்புவதில்லை. முதலாவது குழாய் தேவைக்கு மேல் பெரிதாக இருந்தால் பணம்தான் வீண். இரண்டாவது பெரிதாக இருந்தால் தினமும் நீரும் எரிபொருளும் வீண்.

முதலில் ரேடியேட்டர் பக்கம். பாய்லரிலிருந்து 70 டிகிரியில் கிளம்பும் நீர் 50 டிகிரியில் திரும்புவதாகக் கொண்டால், 24 கிலோவாட் வெப்பத்தைச் சுமக்க நிமிடத்துக்கு ஏறத்தாழ 17 லிட்டர் ஓட வேண்டும். அந்த ஓட்டம் 15 மி.மீ. செம்புக் குழாயில் நொடிக்கு 2 மீட்டர் வேகமாகிவிடும். இரைச்சலும் கேட்கும், பம்பும் திணறும். 22 மி.மீ. குழாயில் வேகம் 0.9 மீட்டர், 28 மி.மீ. குழாயில் 0.5 மீட்டர். வசிக்கும் அறைகளை ஒட்டிச் செல்லும் குழாய்களில் நொடிக்கு 1 மீட்டரைத் தாண்டாமல் வைத்துக்கொள்வது நல்லது என்பதால், இந்தக் கணக்குக்கு 22 மி.மீ. போதும். ஆனால் நீரைக் குறைந்த சூட்டில் ஓடவிட்டு, போவதற்கும் திரும்புவதற்கும் இடையே 10 டிகிரி வித்தியாசம் மட்டும் வைப்பதாக இருந்தால் ஓட்டம் இரட்டிப்பாகி 34 லிட்டரைத் தொடும். அப்போது 28 மி.மீ. சொன்னவர் பக்கம்தான் நியாயம். பிரதானக் குழாய் மிக நீளமாக ஓடினாலும் அப்படியே: அதே ஓட்டத்துக்கு 22-இலிருந்து 28-க்கு மாறினால் உராய்வால் ஏற்படும் அழுத்த இழப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது.

ஆனால் இந்த 24 கிலோவாட் முழுவதும் ரேடியேட்டர்களுக்குப் போகுமா என்பதே சந்தேகம். இவ்வகைப் பாய்லர்களில் அந்த எண் பெரும்பாலும் குளியலறை வெந்நீரை உடனுக்குடன் சூடாக்குவதற்காக வைக்கப்பட்டது. சுவரும் கூரையும் நன்கு காப்பிடப்பட்ட வீட்டுக்கு 10 கிலோவாட்டே போதுமானதாக இருக்கலாம். அப்படியானால் நிமிடத்துக்குச் சுமார் 7 லிட்டர்தான் ஓடும், 22 மி.மீ. தாராளம். ஆகவே பாய்லரின் பலகையில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்க்காமல், ஒவ்வோர் அறையும் எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்று கணக்கிட்டுத் தருமாறு பிளம்பரிடம் கேளுங்கள். கிளை பிரியப் பிரியக் குழாயும் சிறுக்கலாம், 1.5 கிலோவாட் ரேடியேட்டர் ஒன்றுக்கு நிமிடத்துக்கு ஒரு லிட்டர் சொச்சம் போதும், அதற்கு 15 மி.மீ. கூட அதிகம்தான்.

குளியலறைப் பக்கம் 28 மி.மீ. போடவே வேண்டாம். அந்தக் குழாய் மீட்டருக்கு அரை லிட்டருக்கு மேல் நீரை அடக்கிக்கொள்ளும். பாய்லரிலிருந்து வாஷ்பேசின் 12 மீட்டர் தொலைவில் இருந்தால், குழாயில் ஆறிக் கிடக்கும் ஆறரை லிட்டரும் ஓடித் தீர்ந்த பிறகே கையில் வெந்நீர் படும். நிமிடத்துக்கு 5 லிட்டர் வரும் குழாயில் அது ஒரு நிமிடத்துக்கு மேல். அதே தொலைவை 15 மி.மீ. குழாயில் கடந்தால் 2 லிட்டருக்கும் குறைவு, 20 நொடி சொச்சம். தவிர, சேமிப்புத் தொட்டி இல்லாத 24 கிலோவாட் பாய்லர், நீரின் வெப்பத்தை 35 டிகிரி உயர்த்தும்போது நிமிடத்துக்குச் சுமார் 10 லிட்டருக்கு மேல் தர முடியாது. குழாயை எவ்வளவு பெரிதாக்கினாலும் அந்த எண் மாறாது. 10 லிட்டரை 15 மி.மீ. செம்புக் குழாய் தாங்கும். பாய்லரைக் குளியலறைக்கு அருகில் வைக்க இடம் இருந்தால், குழாய் அளவைப் பற்றிய இந்த விவாதத்தில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

கடையில் சொல்லும் அளவு பெரும்பாலும் வெளிவிட்டம் என்பதையும் கவனியுங்கள். 22 மி.மீ. செம்புக் குழாயின் உள்விட்டம் வழக்கமாக 20 மி.மீ. அளவில் இருக்கும், பல அடுக்குப் பிளாஸ்டிக் குழாயில் அதே உள்விட்டம் வேண்டுமானால் 26 மி.மீ. வாங்க வேண்டும்.

கேள்வி: குழாயைப் பெரிதாக்கினால் ஷவரில் அழுத்தம் கூடுமா?

பதில்: கூடாது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் நீருக்கு, தொட்டியின் நீர்மட்டம் ஷவரைவிட ஒவ்வொரு மீட்டர் உயரும்போதும் ஏறத்தாழ 0.1 பார் அழுத்தம் கிடைக்கிறது. குழாய் அதில் ஒரு பகுதியை உராய்வில் பிடுங்கிக்கொள்கிறது, அவ்வளவே. குழாய் மிகக் குறுகலாகவோ வளைவுகள் நிறைந்ததாகவோ இருந்தால் மாற்றுவதில் பலன் தெரியும். மற்றபடி, முதலில் ஷவர் தலையின் துளைகளில் உப்பு படிந்து அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.