செயின்ட் அகஸ்டினில் 1565-ஐ எங்கே தேடுவது?

மகளின் பள்ளி புராஜெக்டுக்காக ஃபுளோரிடாவின் செயின்ட் அகஸ்டின் போனீர்கள், 1565-ல் உருவான ஊர் என்கிறார்கள், ஆனால் 1702-க்கு முந்தைய வீடு ஒன்றுகூட இல்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கவனித்தது சரிதான். 1586-ல் ஆங்கிலேயக் கடலோடி பிரான்சிஸ் டிரேக் ஊரை எரித்தார், 1702-ல் கரோலினாவிலிருந்து வந்த ஆங்கிலேயப் படை மறுபடி எரித்தது, கல்கோட்டை மட்டும் தப்பியது. அதோடு, ஊரை நிறுவிய ஸ்பானியத் தளபதி மெனெண்டெஸ் முதலில் இறங்கியது இப்போதைய ஊர் நடுவில் இல்லை. சற்று வடக்கே, அங்கிருந்த பூர்வகுடிகளான திமுக்குவா மக்களின் தலைவர் செலோயின் கிராமத்தில். மறு வருஷமே எதிரில் உள்ள அனஸ்தேசியா தீவுக்கு மாறி, 1572-ல்தான் இன்றைய இடத்துக்கு வந்தார்கள்.

அந்த முதல் இடம் இப்போது ‘இளமை ஊற்று’ பூங்காவுக்குள் இருக்கிறது, தொல்லியலாளர் கேத்லீன் டீகன் குழு அங்கே பல வருஷம் அகழாய்வு செய்தது. மரத்தால் கட்டியவை என்பதால் சுவரெல்லாம் கிடைக்காது. கம்பம் மக்கிப்போன இடத்தில் மண் வட்டமாகக் கறுத்திருக்கும், அந்தக் கறைகளை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே போனால் கட்டடத்தின் அளவே தெரிந்துவிடும். பீப்பாயை இறக்கி அமைத்த கிணறும் கிடைத்தது. மகள் அதைத்தான் வரைய வேண்டும். ஸ்பானியக் கடலோடி பொன்சே தே லியோன் அங்கே இளமை தரும் ஊற்றைக் கண்டுபிடித்த கதையை மட்டும் சேர்க்காதீர்கள், ஆதாரம் கிடையாது.

அப்புறம், ஊரின் பழைய பகுதிகளில் கட்டட வேலைக்கு முன்னால் நகரத்தின் தொல்லியல் பிரிவு மண்ணைத் தோண்டிப் பார்க்கும். அப்படி ஒரு குழி திறந்திருந்தால் கட்டாயம் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.