ஒரே கார்ட்டூனுக்கு ஒரு நாட்டில் சிரிப்பு, இன்னொரு நாட்டில் கோபம்: ஏன்?

கேள்வி இதுதான்: சினிமாவும் கார்ட்டூனும் ஓர் இனத்தார் எல்லோரையும் ஒரே அச்சில் காட்டும்போது, சொந்த நாட்டில் இருப்பவர்களே கண்டுகொள்வதில்லை. அப்படியிருக்க மற்றவர்கள் ஏன் கொதிக்கிறார்கள்?

எந்த நாட்டுக்காரர் என்று பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது என்பது என் எண்ணம். அவர் யார் நடுவில் வாழ்கிறார் என்று பார்க்க வேண்டும்.

நம்மவர்களுக்குப் பக்கமான உதாரணம் சிம்ப்சன்ஸ் என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரில் வரும் அப்பு. சின்னதாக ஒரு கடை நடத்தும் இந்தியர். குரல் கொடுத்தவர் ஹேங்க் அசாரியா என்ற வெள்ளைக்கார நடிகர். அந்த இழுவையான உச்சரிப்புதான் பாத்திரத்தின் முக்கால்வாசி நகைச்சுவை. 2017-ல் ஹரி கொண்டபோலு என்ற இந்திய வம்சாவளி நகைச்சுவைக் கலைஞர் இதைக் கேள்வி கேட்டு ஒரு ஆவணப்படமே எடுத்தார். 2020 ஜனவரியில், இனி அப்புவுக்குக் குரல் தரமாட்டேன் என்று அசாரியா அறிவித்தார். இந்தியாவில் இருந்த பலர் "இதுக்குப் போயா இவ்வளவு?" என்றுதான் கேட்டார்கள்.

எங்கள் வீட்டிலும் அதே கேள்விதான். ஒரு மாம்பழ சீசனில் அமெரிக்காவில் வளர்ந்த என் அக்கா மகள் கிருஷ்ணகிரிக்கு வந்திருந்தாள். திண்ணையில் உட்கார்ந்து பேசும்போது அப்புவைப் பற்றிப் பேச்சு வந்தது. எங்கள் பெரியப்பாவுக்கு விளங்கவே இல்லை. "ஏம்மா, கடை வச்சு கௌரவமா பொழைக்கிறவன்தானே? இதுல என்ன கேவலம்?" என்றார். அவள் பொறுமையாகச் சொன்னாள்: "கடை வச்சதுல ஒண்ணுமில்ல தாத்தா. என் கிளாஸ்ல இருந்த ஒரே இந்தியப் பொண்ணு நான். அந்தக் குரல்லதான் என்னைக் கூப்பிடுவாங்க. நான் அப்படிப் பேசவே மாட்டேன், ஆனா அவங்களுக்கு இந்தியான்னாலே அந்தக் குரல்தான்." பெரியப்பா அப்புறம் வாதாடவில்லை.

யோசித்துப் பாருங்கள், கிருஷ்ணகிரியில் வளரும் பிள்ளை இந்தியர் என்றால் கலெக்டரையும் பார்க்கிறது, வாத்தியாரையும் பார்க்கிறது, திருடனையும் பார்க்கிறது. ஒரு கார்ட்டூன் கடைக்காரர் வந்து அதில் எதையும் மாற்றிவிட முடியாது. தொண்ணூறுகளின் அமெரிக்கத் தொலைக்காட்சியிலோ இந்தியர் என்று அடிக்கடி கண்ணில் பட்டது கிட்டத்தட்ட அந்த ஒரு முகம்தான். அதனால் இங்கே இருந்துகொண்டு "எனக்கு ஒண்ணும் தோணல" என்பது உண்மையாகவே இருந்தாலும் அங்கே இருக்கும் பிள்ளைக்கு அது பதிலாகாது.

மெக்சிகோவைப் பார்த்தால் விஷயம் இன்னும் சிக்கல். ஸ்பீடி கொன்சாலஸ் என்று பெரிய தொப்பி போட்ட, மின்னல் வேகத்தில் ஓடும் எலி. மெக்சிகோக்காரர்களைக் கேலி செய்கிறது என்று நினைத்து 1999-ல் அமெரிக்காவில் கார்ட்டூன் நெட்வொர்க் அதை நிறுத்தியது. கடைசியில் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரே கேட்டு 2002-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள். அவர்களுக்கு அது ஜெயிக்கிற எலி, பூனையை ஏமாற்றும் கெட்டிக்காரன். இதில் நான் அவர்கள் பக்கம்தான். அவர்களைக் கேட்காமலேயே அவர்களுக்காக முடிவெடுத்தது தப்பு.

ஆனால் அதே மெக்சிகோ 2005-ல் மெமின் பிங்குயின் என்ற பழைய காமிக்ஸ் பாத்திரத்துக்குத் தபால்தலை வெளியிட்டது. தடித்த உதடும் உருண்டைக் கண்ணுமாக வரைந்த கறுப்பினச் சிறுவன். அமெரிக்காவில் கடும் எதிர்ப்பு. எங்கள் ஊர் செல்லப்பிள்ளை, உங்களுக்குப் புரியவில்லை என்று மெக்சிகோவில் அதிபர் விசென்டே ஃபாக்ஸ் வரை சொன்னார்கள். சரி, மெக்சிகோவில் வாழும் கறுப்பினத்தவர் என்ன நினைத்தார்கள்? அவர்கள் எத்தனை பேர் என்றே அப்போது அரசிடம் முறையான கணக்கு கிடையாது. 2015-ல் ஒரு இடைக்காலக் கணக்கெடுப்பிலும் பிறகு 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும்தான் அவர்களைத் தனியாகக் கேட்டு எண்ணினார்கள். ஒரு நாடே கண்டுகொள்ளவில்லை என்று சொல்லும்போது, அந்த நாட்டில் யாருடைய குரல் நம் காதுக்கு வருகிறது என்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நெதர்லாந்திலும் இதே கதை. டிசம்பர் பண்டிகைக்கு முகத்தில் கறுப்புச் சாயம் பூசி, புனித நிக்கோலஸின் உதவியாளான 'ஸ்வார்ட்ட பீட்' (கறுப்பு பீட்) வேடம் போடுவது வழக்கமாக இருந்தது. 2014-ல் பிரதமர் மார்க் ருட்டே, கரீபியத் தீவுகளில் உள்ள தன் நண்பர்களுக்கு முகம் பூசும் வேலை மிச்சம் என்று விளையாட்டாகப் பேசினார். 2020-ல் நாடாளுமன்றத்தில் அவரே, கறுப்பினக் குழந்தைகள் தன்னிடம் வருத்தப்பட்டுச் சொன்னதைக் கேட்டபின் தன் பார்வை மாறிவிட்டது என்றார். யாரிடம் கேட்டார் என்பதுதான் அவர் பார்வையை மாற்றியது.

இப்போது நம் பக்கம். 1968-ல் வந்த 'படோசன்' என்ற இந்திப் படத்தில் மெஹ்மூத் போட்ட மதராசிப் பாட்டு வாத்தியார் வேடம் தர்மபுரியில் யாரையும் சுடவில்லை. டெல்லியில் வேலைக்குப் போய், அலுவலகத்தில் "ஐயையோ ஐயையோ" என்று வரவேற்கப்பட்டவரைக் கேளுங்கள், அவர் வேறு மாதிரி சொல்வார்.

நாமும் ஆப்பிரிக்கர் என்றால் போதைப்பொருள் விற்பவர் என்று திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறோம். 2016 ஜனவரி கடைசியில் பெங்களூரில் சூடான் மாணவர் ஒருவர் ஓட்டிய கார் மோதி ஒரு பெண் இறந்தார். பிறகு அந்த வழியாக வந்த தான்சானியா மாணவியைக் கூட்டம் அடித்தது, அவர் வந்த காரையும் எரித்தது. விபத்துக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சினிமாதான் அதைச் செய்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் வித்தியாசம் தெரியாத கண்ணோடு பார்க்க எங்கேயோ பழகியிருக்கிறோம். நடந்த இடம் ஓசூரில் இருந்து ரொம்ப தூரம் இல்லை.

அந்த ஓசூரில்தான் நான் வேலை பார்க்கிறேன். ஒடிசா, பீகார், ஜார்கண்ட் ஆட்கள் இல்லாமல் சிப்காட்டில் பல கம்பெனிகளில் ஷிப்ட் ஓடாது. நம் காமெடியில் அவர்கள் பானிபூரி விற்பார்கள் அல்லது பான்பராக் மென்றுகொண்டு திருடுவார்கள். "அவங்களே கண்டுக்கறது இல்லையே" என்று என்னிடம் சொல்பவர்கள் உண்டு. தமிழ் தெரியாமல் வந்து, சம்பளத்தை ஊருக்கு அனுப்பிவிட்டுத் திரும்பிப் போகிறவர் கண்டுகொள்ளாமல் இருக்கலாம். அவருடைய பிள்ளை இங்கேயே அரசுப் பள்ளியில் தமிழில் படிக்கிறது. அந்தப் பிள்ளைக்கு ஒவ்வொரு வசனமும் புரியும். என் அக்கா மகள் அமெரிக்க வகுப்பறையில் உட்கார்ந்திருந்த இடத்தில்தான் அந்தப் பிள்ளை இங்கே உட்கார்ந்திருக்கிறது.

என் மகன் படிக்கும் பள்ளியின் ஆண்டு விழா நாடகத்தில் 'பானிபூரி பையா' வேடம் ஒன்று இருந்தது. இந்தி கலந்த கொச்சைத் தமிழில் பேசி அடி வாங்குவதுதான் அதன் வேலை. அதே வகுப்பில் பீகார் பிள்ளைகள் இருக்கிறார்கள். பெற்றோர் கூட்டத்தில் எழுந்து இதைச் சொன்னேன். முதலில் ஒரு டீச்சர் "சும்மா ஜாலிக்குத்தான் சார்" என்றார். தலைமையாசிரியர் நாடக வசனத்தை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு அந்தக் காட்சியை எடுத்துவிடச் சொன்னார். உங்கள் பிள்ளைகள் பள்ளியிலும் இப்படி நாடகம் போட்டால் ஒத்திகையின்போதே பேசுங்கள், மேடையேறிய பிறகு மாற்றுவது கஷ்டம்.