முன்னுரையைக் கடைசியில் எழுதலாம்: கட்டுரை எழுதத் திணறுபவர்களுக்குப் பதில்கள்

கட்டுரை என்றாலே கை ஓடவில்லை என்று நெல்லைச் சீமையின் பல ஊர்களிலிருந்தும் கேட்டிருக்கிறீர்கள். பாளையங்கோட்டையில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, 'தாமிரபரணி' என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னார்கள். முன்னுரையையே எழுதி எழுதி அடித்துக்கொண்டிருக்கிறேன். எழுதிய ஒரு வரியை அனுப்பியிருக்கிறேன், பாருங்கள். (பத்தாம் வகுப்பு மாணவி, அம்பாசமுத்திரம்)

பதில்: முக்கால்வாசிப் பேர் மாட்டிக்கொள்கிற இடம் அதுதான், மகளே. உள்ளே என்ன சொல்லப்போகிறோம் என்பது முடிவாகாமலே முன்னுரை எழுத உட்கார்ந்துவிடுகிறோம். ஐந்தாறு வரிக்கு இடம் விட்டுவிட்டு நடுவிலிருந்து தொடங்கு. பொருளுரை முடிந்த பிறகு முன்னுரை தானாக வரும்.

நீ அனுப்பிய வரி இது: "தாமிரபரணி வற்றாத ஜீவநதியாக விளங்கி மக்களுக்குப் பல நன்மைகளைச் செய்து வருகிறது." இலக்கணத்தில் குறையில்லை. ஆனால் தாமிரபரணியை எடுத்துவிட்டு வேறொரு பெரிய ஆற்றின் பெயரைப் போட்டாலும் இந்த வரி அப்படியே பொருந்தும். அதனால்தான் அடுத்த வரி உனக்கு வரவில்லை. 'பல நன்மைகள்' என்று எழுதியதும் பேச்சு முடிந்துவிடுகிறது.

இப்படி மாற்றிப் பார்: "பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயல் அருகே கடலில் சேரும்வரை தாமிரபரணி தமிழ்நாட்டை விட்டு வெளியே போவதில்லை." இதை எழுதியதும், வழியில் என்ன செய்கிறது என்ற கேள்வி எழுகிறதல்லவா? கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் அதன் நீரைக் கால்வாய்களுக்குப் பிரித்துக் கொடுக்கின்றன. அந்த நீரில் கார், பிசானம் என்று இரு போகம் நெல் விளைகிறது. உங்கள் பக்கத்து வயலுக்கு எந்தக் கால்வாயில் தண்ணீர் வருகிறது என்று தாத்தாவிடம் கேட்டு, அவர் சொல்வதை இரண்டு வரி எழுது. அது வேறு யார் கட்டுரையிலும் இருக்காது.

கேள்வி: சார், வ.உ.சி. பற்றிய கட்டுரையை மனப்பாடம் செய்திருந்தேன். தேர்வில் ஒரு வரி மறந்ததும் மற்றதெல்லாம் மறந்துபோனது. (மாணவன், கோவில்பட்டி)

பதில்: வாக்கியங்களை மனப்பாடம் செய்தால் அப்படித்தான் ஆகும், தம்பி. நிகழ்ச்சிகளை வரிசையாக நினைவில் வைத்துக்கொள். 1872-இல் ஒட்டப்பிடாரத்தில் பிறப்பு. 1906-இல் சுதேசிக் கப்பல் நிறுவனம். 1908 தொடக்கத்தில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம். அதே ஆண்டு மார்ச்சில் கைது, அதைக் கேட்டுத் திருநெல்வேலியில் மக்கள் கொதித்தெழுந்தது. பிறகு சிறை, செக்கு. 1912-இல் விடுதலை. 1936-இல் மறைவு.

இவற்றுக்கு இடையில் 'ஏன்' என்று கேட்டுக்கொண்டே போ. ஏன் கப்பல்? தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான போக்குவரத்து வெள்ளையர் நிறுவனத்தின் கையில் இருந்தது. வழக்கறிஞரான அவர் ஏன் ஆலைத் தொழிலாளர் பக்கம் நின்றார்? இதற்குப் பதிலை உன் சொற்களிலேயே எழுது. ஒரு நிகழ்ச்சி மறந்தாலும் அடுத்ததற்குத் தாவிவிடலாம். அடைமொழிகளைக் கொஞ்சம் குறைத்துக்கொள். செக்கிழுத்தவரைப் பெரியவர் என்று காட்ட அந்தச் செக்கே போதும்.

கேள்வி: ஐயா, நான் முக்கூடலில் பீடி சுற்றுகிறேன். எட்டாவது படிக்கும் மகன் கதை சொன்னால் நாள் முழுக்கக் கேட்கலாம். எழுதச் சொன்னால் நான்கு வரிக்கு மேல் இல்லை. எழுத்துகளை விட்டுவிடுகிறான், மாற்றிப் போடுகிறான். சோம்பேறி என்று பள்ளியில் அடிக்கிறார்கள். (ஒரு தாய்)

பதில்: அம்மா, முதலில் அந்த அடி நிற்க வேண்டும். பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியரிடம் நேராகவே சொல்லுங்கள். பிள்ளையை அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது.

வாய் நிறையப் பேசுகிற பிள்ளை எழுத்தில் மட்டும் தொடர்ந்து தடுமாறினால் அது சோம்பலாக இருக்க வாய்ப்பு குறைவு. டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடாக இருக்கலாம். அறிவுக் குறைவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கண்ணையும் காதையும் ஒருமுறை பரிசோதித்துவிட்டு, அரசு மருத்துவமனையில் இதற்கான மதிப்பீட்டைக் கேளுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்தக் குறைபாட்டையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சான்றிதழ் கிடைத்தால், பொதுத்தேர்வில் அவன் சொல்லச் சொல்ல எழுத ஒருவரும் கூடுதல் நேரமும் கேட்கலாம். பத்தாம் வகுப்பு வரை காத்திருக்காதீர்கள்.

வீட்டில் செய்ய ஒன்று இருக்கிறது. அவன் கதை சொல்லும்போது நீங்களோ பக்கத்து வீட்டு அக்காவோ அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அவனிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். தன் பேச்சு தாளில் இருப்பதைப் பார்த்த பிள்ளைகளின் முகம் மாறுவதை நான் கண்டிருக்கிறேன். அதிலிருந்து நாளுக்கு இரண்டு வரியை மட்டும் அவன் கையால் எழுதட்டும். அப்போது சிவப்பு மையை எடுக்காதீர்கள்.

கேள்வி: வணக்கம் ஐயா. குடிமைப்பணி முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதப் போகிறேன். கட்டுரைத் தாளின் தலைப்புகள் பிடி கொடுக்காமல் இருக்கின்றன. (பட்டதாரி, பாளையங்கோட்டை)

பதில்: மூன்று மணி நேரம், இரண்டு கட்டுரைகள், மொத்தம் 250 மதிப்பெண். ஒவ்வொன்றும் ஆயிரம் சொல்லுக்குக் குறையாமல் வேண்டும். ஆகவே ஒரு கட்டுரைக்கு ஒன்றரை மணி நேரம் என்றால், அதில் முதல் இருபது நிமிடத்தைத் திட்டமிடவே செலவழியுங்கள். பக்கத்து இருக்கைக்காரர் எழுதித் தள்ளுவதைப் பார்த்துப் பதறாதீர்கள்.

பொதுவான தலைப்பை மண்ணுக்கு இறக்கிக்கொண்டு வரப் பழகுங்கள். பொருளாதாரச் சிறப்புக்குக் காடுகளே தக்க பாடம் என்ற பொருளில் 2022-இல் ஒரு தலைப்பு வந்தது. நம் ஊர்க்காரருக்கு இது எட்டாத தலைப்பா? களக்காடு முண்டந்துறை 1988-இல் புலிகள் காப்பகமானது. அந்தக் காடு மழையைப் பிடித்து வைக்கிறது, ஆறு ஓடுகிறது, பாபநாசத்தில் மின்சாரம் கிடைக்கிறது, கீழே நெல் விளைகிறது. எதையும் வீணாக்காமல் அடுத்ததற்குக் கொடுக்கும் இந்த ஒழுங்கு ஒரு சந்தையில் இருக்கிறதா என்று கேளுங்கள். அடுத்து, காட்டை வருமானமாக மட்டும் பார்ப்பது சரியா என்ற மறுப்பையும் நீங்களே எழுப்பிப் பதில் சொல்லுங்கள். மறுதரப்பே இல்லாத கட்டுரை தேர்வில் எடுபடாது.

கேள்வி: அண்ணாச்சி, என் மகள் அலைபேசியில் கட்டுரையை வரவழைத்து அப்படியே பார்த்து எழுதுகிறாள். தடுக்கவா, விடவா? (மளிகைக் கடைக்காரர், வள்ளியூர்)

பதில்: பார்த்து எழுதுவதைத் தடுங்கள், அலைபேசியைப் பிடுங்க வேண்டாம். மகள் முதலில் தன் கையால் ஒரு பக்கம் எழுதட்டும். விடுபட்ட ஆண்டையோ பெயரையோ பிறகு தேடிச் சேர்க்கட்டும். அப்படிக் கிடைத்ததைப் பாடநூலோடு ஒத்துப் பார்க்கவும் சொல்லுங்கள். தவறான ஆண்டைக்கூட அது உறுதியான குரலில் சொல்லும்.

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் பத்தமடை. 'எங்கள் ஊர்' என்ற கட்டுரையில் பாய் புகழ்பெற்றது என்பதைத் தவிர எனக்கு எதுவும் தோன்றவில்லை. (ஒன்பதாம் வகுப்பு மாணவி)

பதில்: தினமும் பார்ப்பதால் அது கண்ணில் படுவதில்லை. பாய் நெய்கிற ஒரு வீட்டுக்குப் போய் அரை மணி நேரம் உட்கார். கோரையை எங்கிருந்து கொண்டுவருகிறார்கள், எப்படி ஊறவைக்கிறார்கள், எவ்வளவு மெல்லிசாகக் கிழிக்கிறார்கள், பருத்தி நூல் பாவில் அதை எப்படிக் கோக்கிறார்கள் என்று கேள். துணிபோல மடிக்கலாம் என்கிறார்களே, அந்தப் பட்டுப்பாயைத் தொட்டுப் பார்க்கக் கேள். நெய்கிற அம்மாவின் விரல்களைக் கவனி. ஒரு பாய்க்கு என்ன கூலி என்றும் கேட்டு எழுது. அதை யாரும் எழுதுவதில்லை. திரும்பி வந்ததும், கேட்டவை மறப்பதற்கு முன் தாளை எடு.

கேள்வி: ஆங்கிலக் கட்டுரைக்கும் இதே வழிதானா? (கல்லூரி மாணவர், தென்காசி)

பதில்: சேகரிப்பதற்கு இதே வழிதான். குறிப்புகளைத் தமிழில் எடுங்கள், ஆனால் தமிழ் வாக்கியத்தை வரிக்கு வரி ஆங்கிலமாக்காதீர்கள். சிறு சிறு வாக்கியமாக நேராக ஆங்கிலத்திலேயே எழுதி, நண்பர் ஒருவருக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். அவர் "என்ன?" என்று கேட்கும் வரியை மட்டும் திருத்துங்கள்.