தலைக்காயத்துக்குப் பின் தங்களைப் போன்றவர்களின் துணை தேடுவோருக்கு: கேள்வி பதில்

மூளையில் காயம்பட்டவர்களும் அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தாரும் அனுப்பிய கேள்விகளுக்கு, நரம்பியல் மறுவாழ்வுப் பிரிவொன்றில் செயல்முறை சிகிச்சை (அன்றாட வேலைகளைத் தாமே செய்யப் பழக்கும் சிகிச்சை) அளித்துவரும் ஒருவர் இங்கே பதிலளிக்கிறார்.

கேள்வி (திருச்சி, மனைவி): இருசக்கர வாகன விபத்துக்குப் பின் என் கணவருக்குத் தலையில் அறுவை சிகிச்சை நடந்தது. நடக்கிறார், சாப்பிடுகிறார்; ஆனால் முன்பு இல்லாத கோபமும் மறதியும் வந்துவிட்டன. உறவினர்களோ "நன்றாகத்தானே இருக்கிறார்" என்கிறார்கள். எங்களைப் போன்றவர்களை எங்கே தேடுவது?

பதில்: அம்மா, கை கால் விழுந்திருந்தால் ஊரே வந்து விசாரித்திருக்கும். நினைவும் நிதானமும் குலைந்தது வெளியே தெரியாது என்பதால்தான் உங்களுக்கு இந்தத் தனிமை.

தண்டுவடக் காயமடைந்தவர்கள் தங்களைப் போன்றவர்களுக்காக உழைக்கும் மரபு தமிழ்நாட்டில் நன்றாகவே வேரூன்றியிருக்கிறது. 1954இல் நடந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த பிறகும் சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் மேரி வர்கீஸின் முனைப்பால்தான் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு நிலையம் பாகாயத்தில் உருவானது. தென்காசி அருகே ஆய்க்குடியில் 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணனும் கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டவர்தான். தலைக்காயத்தில் இப்படி நடப்பது அரிது. நான்கு பேரைக் கூட்டுவதற்கு வேண்டிய திட்டமிடல், ஞாபகம், பொறுமை ஆகியவற்றைத்தான் அந்தக் காயம் பெரும்பாலும் தாக்குகிறது. ஆகவே குடும்பத்தார் முன்கை எடுக்க வேண்டியிருக்கிறது. பிரிட்டனில் 1979இல் மூளைக்காயமடைந்தோருக்கான ஹெட்வே அமைப்பு தொடங்கப்பட்டபோதும் குடும்பத்தாரின் பங்கு அதில் பெரிது.

நீங்கள் தொடங்க வேண்டிய இடம், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இயன்முறை சிகிச்சைக்கும் செயல்முறை சிகிச்சைக்கும் காத்திருக்கும் வரிசைதான். மற்றொரு நோயாளியின் தொலைபேசி எண்ணைச் சிகிச்சையாளர் தரமாட்டார், தரவும் கூடாது; ஆனால் உங்கள் எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து, இதே நிலையில் உள்ள குடும்பம் வந்தால் சேர்ப்பிக்கும்படி கேட்கலாம். இரண்டு குடும்பங்கள் கிடைத்தால் போதும். இருநூறு பேர் கொண்ட வாட்ஸ்அப் குழுவைவிட, நம் பேருந்துத் தடத்திலேயே வசிக்கும் ஒரு குடும்பம் அதிகம் உதவும் என்பது என் கருத்து.

கேள்வி (மதுரை, தந்தை): மகனுக்கு வயது 22. "எனக்கு ஒன்றுமில்லை, அந்த நோயாளிகளோடு நான் ஏன் உட்கார வேண்டும்?" என்கிறான்.

பதில்: ஐயா, இது வெறும் பிடிவாதமாக இல்லாமல் இருக்கலாம். மூளையின் முன்பகுதியில் அடிபட்டவர்களில் பலருக்குத் தம்மிடம் ஏற்பட்ட மாற்றத்தை உணரும் திறனே குறைந்துவிடுகிறது. வாதாடி அதை வரவழைக்க முடியாது. குழு என்ற சொல்லையே எடுக்காதீர்கள். அவர் வயதுக்கு நெருங்கிய, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன் காயமடைந்த ஒருவரை வீட்டுக்கு வரச் சொல்லி, கேரம் பலகையைப் போட்டுவிட்டு நீங்கள் அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். வந்தவரின் கைபேசி மாத்திரை நேரத்துக்கு ஒலித்து, அவர் எந்தக் கூச்சமுமின்றி, "இது அடிக்கலைன்னா நான் மறந்துடுவேன்" என்று சொல்வதை உங்கள் மகன் கேட்பது, நீங்களும் நானும் பத்து முறை எடுத்துச் சொல்வதைவிட ஆழமாகப் பதியும்.

கேள்வி (கோவை, காயமடைந்தவர்): ஒரு கூட்டத்துக்குப் போனேன். சிறிது நேரத்திலேயே தலை கனத்து, யார் பேசுவதும் புரியவில்லை.

பதில்: அது மூளைச் சோர்வு, காயத்துக்குப் பின் மிகப் பரவலாகக் காணப்படுவது. பல குரல்கள் ஒரே நேரத்தில் எழும்போது வேண்டியதைப் பிரித்துக் கேட்பதற்கே உங்கள் சக்தி தீர்ந்துவிடுகிறது. காலை நேரம், நான்கைந்து பேர், அணைக்கப்பட்ட தொலைக்காட்சி, ஒருவர் முடித்த பின் அடுத்தவர் என்ற ஒழுங்கு ஆகியவற்றைக் கேட்டுப் பெறுங்கள். எங்கள் பிரிவில் கையில் பேனா வைத்திருப்பவர் மட்டுமே பேசுவார். அன்று பேச வேண்டியது சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டப்பட்டிருக்கும். இடையில் எழுந்து வராந்தாவுக்குப் போகிறவரை யாரும் காரணம் கேட்பதில்லை.

கேள்வி (ஈரோடு, சகோதரி): தம்பிக்குப் பேச்சு வரவில்லை. அவனால் குழுவில் கலந்துகொள்ள முடியுமா?

பதில்: முடியும். பேச்சு போனது என்பதால் அறிவும் போய்விட்டதாக நினைத்து, அவருக்காக நீங்களே பேசிவிடாதீர்கள். ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்விகள், படங்கள், எழுதுவதற்கு ஒரு தாள், எல்லாவற்றுக்கும் மேலாகக் காத்திருக்கும் மனம் ஆகியவை வேண்டும்.

கேள்வி (சேலம், தாய்): வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், வலிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டு நாட்டு மருந்துக்கு மாறிய பிறகு தம் மகன் குணமானதாக எழுதினார். இன்னொருவரின் மகன் ஆறே மாதத்தில் வேலைக்குப் போய்விட்டானாம். என் மனம் அலைபாய்கிறது.

பதில்: முதலாவதை உறுதியாக ஒதுக்குங்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் நிற்காத தொடர் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருந்தின் பெயரையும் அளவையும் யாரும் பரிந்துரைக்கக் கூடாது என்பதைக் குழுவின் முதல் விதியாக வைக்கச் சொல்லுங்கள். ஏற்காத குழுவிலிருந்து விலகிவிடலாம். அனுபவத்தைக் கேட்க வேண்டியது வேறு விஷயங்களுக்கு: குளியலறையில் எதை மாற்றினார்கள், கோபம் ஏறும்போது என்ன செய்தார்கள், தனியே கடைக்கு அனுப்பத் தொடங்கியது எப்படி என்பவற்றுக்கு.

இன்னொருவரின் மகனோடு ஒப்பிடுவதைத் தவிர்ப்பது சொல்வதுபோல் எளிதல்ல. அடிபட்ட இடம், ரத்தக்கசிவு, நினைவிழந்திருந்த காலம் என எல்லாமே ஆளுக்கு ஆள் மாறுபடுகின்றன. முதல் மாதங்களில் முன்னேற்றம் வேகமாகத் தெரிந்தாலும், அதன்பின் ஆண்டுக்கணக்கில் மெதுவாகத் தொடர்வதும் உண்டு. மகன் இல்லாத நேரத்தில் மற்ற தாய்மார்களோடு மட்டும் பேசுவதற்கும் வாய்ப்பு தேடுங்கள். அவர் முன்னிலையில் சொல்ல முடியாத அழுகையும் எரிச்சலும் உங்களுக்கு இருக்கும். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் யாருக்கு வந்தாலும் குழுவோடு நிறுத்தாமல், 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை உடனே அழையுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர், அரசு ஊழியர்): வேலையை விட்டுவிடும்படி அலுவலகத்தில் சொல்கிறார்கள்.

பதில்: எதிலும் கையெழுத்திடாதீர்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளியாகும் அரசு ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. பழைய பணி இயலாவிட்டால் அதே ஊதியத்தில் வேறு பணி தர வேண்டும். அந்தச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாட்டு வகைகளில் மூளைக்காயம் எனத் தனி வகை இல்லை என்பதால், காயத்தின் விளைவாக நிலைத்துவிட்ட குறைபாட்டை வைத்தே சான்றிதழ் பெற வேண்டும். மூளைப் பாதிப்பால் நிரந்தரமாகப் பேச்சிழந்த நிலை, பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு என்ற வகையில் வருகிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போகும்போது, இதே வழியில் பணிக்குத் திரும்பிய ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். எந்த மேசையில் எந்தத் தாளைக் கேட்பார்கள் என்பது அவருக்குத் தெரியும்.